மூன்று முறை கண்டால் எழுதுபவர்

பந்தைப் பாராமல் பந்தாட்டம் பார்த்த ஒருவர், இல்ஃபோர்டில் என் அடுத்த வீட்டில் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார். முன்னறையில் பெரிய திரை ஒன்று. அதன் நடுவே, பந்தை எறிபவர் வழக்கமாக நிற்கும் இடத்தின்மேல், தீப்பெட்டி அளவான கறுப்புத் தாள் ஒன்றை ஒட்டியிருப்பார். ஒலியை முற்றாக அடக்கியிருப்பார். அரங்கு நிறைந்த மக்கள் எழுந்து நின்று ஆரவாரிப்பது, வாய்கள் திறந்து மூடுவதாக மட்டுமே அவ்வறையில் தெரியும். நாற்காலியின் நுனியில் அமர்ந்து, கையில் ஒரு கரிக்கோலுடன், நான்கு நொடி ஓடும் துண்டுக் காட்சியொன்றை முன்னும் பின்னுமாகப் பதினைந்து தடவை ஓட்டிப் பார்ப்பார்.

"பந்தைப் பாத்தா ஆளைக் காணேலாது, மாஸ்டர்" என்பார், முன்னாள் ஆசிரியனான என்னிடம்.

அவர் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரிகளில் அந்நாட்டுக்கேயுரிய பந்தாட்டத்தை ஆடும் இளைஞர் பலர். ஆண்டுதோறும் சித்திரை இறுதியில் தொழில்முறை அணிகள் கூடி, முறைவைத்து, அவர்களுள் தமக்கு வேண்டியவரை ஒருவர்பின் ஒருவராகத் தெரிவு செய்யும். 'டிராஃப்ட்' என்பர். அதற்கு முன் யார் தேறுவார், யார் தேறார் என்று மதிப்பிட்டு அணிகளுக்கு அறிக்கை வழங்கும் நிறுவனங்கள் அங்கு உண்டு. அவற்றுள் ஒன்று, இலண்டனில் இருக்கும் இந்த யாழ்ப்பாணத்தவரைப் பணியில் வைத்திருந்தது. அவர்கள் உறங்கும்போது இங்கே பகல்; அவர்கள் கண் விழிக்கையில் அறிக்கை மேசையில் இருக்கும். தொடக்கத்தில் காட்சித் துண்டுகளுக்கு எண்ணிடும் எளிய வேலைக்குத்தான் எடுத்தார்கள். பின்பு அவர் கண்ணைக் கண்டு, ஒரே ஒரு நிலையில் ஆடுவோரை மட்டும் முழுதாக அவர் பொறுப்பில் விட்டார்கள். அவர் அமெரிக்க மண்ணை மிதித்ததில்லை. அந்தப் பந்தைக் கையால் தொட்டதும் இல்லை.

அந்த நிலைக்கு 'டைட் எண்ட்' என்று பெயர். களத்தின் நடுவே சுவர்போல நிற்கும் பருத்த ஆட்டக்காரரின் வரிசைக்கு ஒட்டினாற்போல், அதன் முனையில் நிற்பவர். ஒருமுறை அவரும் சுவராகி எதிரியைத் தாங்கவேண்டும். மறுமுறை சுவரைவிட்டு ஓடிப் பந்தைப் பிடிக்கவேண்டும். வரிசைக்கு அணைந்து நிற்கும் முனை என்பதால் 'அணைமுனையர்' என்றொரு சொல்லை நான் ஆக்கிக் கொடுத்தேன். அவர் சிரிப்பை அடக்கப் பெரிதும் முயன்றார்.

"நல்ல சொல்லுத்தான். ஆனா பெடியன் உந்தப் பேரைக் கேட்டானெண்டால் விளையாட்டை விட்டிடுவான், மாஸ்டர்."

"பின் நீர் எப்பிடிச் சொல்லுவீர்?"

"ரெண்டு ஷிப்ட் செய்யிறவன். எங்கட சனம் மாதிரி. பகல் கடையில மூட்டை தூக்கிப்போட்டு, பின்னேரம் டெலிவரிக்கும் ஓடுறவன். பந்து பிடிக்கேக்கை எல்லாரும் கை தட்டுவினம். மூட்டை தூக்கேக்கை ஒருத்தரும் பாக்கிறேல்லை. நான் அதைத்தான் பாக்கிறன்."

பார்த்ததை அவர் உடனே எழுதமாட்டார். இதுவே அவர் இயல்பின் அச்சாணி. ஓர் இளைஞன் எதிரியைத் தாங்கும்போது காலைப் பிந்தி வைக்கிறான் என்றால், கோடிட்ட குறிப்பேட்டில் கரிக்கோலால் சிறு கோடு ஒன்று போடுவார். வேறோர் ஆட்டத்தில் அதே குறையைக் கண்டால் இரண்டாவது கோடு. மூன்றாவது கோடு விழுந்த பின்பே அது அறிக்கையில் ஏறும். இரண்டு கோடுகளோடு நின்றவை எத்தனையோ. அவை அவரளவில் நிகழாதவை. குறைக்கு மட்டுமன்றிப் புகழுக்கும் இதே நெறிதான். நிறுவனத்தார் விரைவுபடுத்தினாலும் வளையமாட்டார்.

அவருடைய மனைவி மருத்துவமனை ஒன்றில் நோயாளரைப் பராமரிக்கும் பணியில் இருந்தார். ஒருநாள் நான் அங்கிருக்கும்போது வேலை முடிந்து வந்தவர், மேலங்கியைக் கழற்றியபடியே சொன்னார்: "மாஸ்டர், இவரிட்டக் குழம்பு எப்பிடியெண்டு கேட்டுப் பாருங்கோ. மூண்டு நாள் அதே குழம்பை வைச்சாத்தான் பதில் வரும்."

"மூண்டு நாளும் உப்புக் கூட" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாத்தீங்களே. முதலாம் நாள் சொல்லியிருந்தா ரெண்டாம் நாள் குறைச்சிருப்பன்."

தெருமுனை மரக்கறிக் கடைக்காரர் தம் மகளுக்கு வந்த மாப்பிள்ளையைப் பார்க்க அவரை அழைத்ததும் நினைவுக்கு வருகிறது. "அண்ணை, நீங்கள் ஆளை அளக்கிற ஆள். ஒருக்கா வந்திருந்து பாருங்கோவன்" என்று கெஞ்சாத குறை. நானும் உடன் சென்றேன். எல்லாரும் மாப்பிள்ளையின் படிப்பையும் பணியையும் வினவிக்கொண்டிருக்க, இவர் ஒரு மூலையில் வடையோடு அமர்ந்திருந்தார். விருந்தினர் போனதும் கடைக்காரர் ஓடிவந்தார்.

"எப்பிடி அண்ணை?"

"தேத்தண்ணி குடிச்ச கோப்பையைத் தானே கொண்டுபோய்க் குசினியில வைச்சவர். ஒருத்தரும் பாக்காத நேரம்."

"அப்ப நல்ல பெடியன்?"

"ஒருக்காத்தானே கண்டனான். இன்னும் ரெண்டுதரம் வைக்கட்டும்."

"அண்ணை, மூண்டாந்தரம் வைக்கேக்கை அவருக்குப் பேரப்பிள்ளை இருக்கும்."

அந்தத் திருமணம் இவருடைய முடிவுக்குக் காத்திராமலே நடந்தது.

நகைப்புக்குரியவராகவே அவரை இதுவரை காட்டிவிட்டேன். அவர் முன் நடமாட எனக்குக் கூச்சமும் இருந்தது. ஒரு முற்பகல், அவர் வீட்டு வாசற்படியில் ஏறுகையில், "வலது முழங்கால் நோகுதோ, மாஸ்டர்? மூண்டு கிழமையாப் படியில இடது காலைத்தான் முதல் வைக்கிறியள்" என்றார். நோவு எதனையும் நான் உணர்ந்திருக்கவில்லை. மருத்துவரிடம் சென்றேன். மூட்டு தேய்ந்திருந்தது. என் உடம்பு என்னிடம் சொல்லுமுன் அவரிடம் சொல்லியிருக்கிறது. அதன்பின் அவர் வீட்டுப் படியை நான் இயல்பாக ஏறியதே இல்லை.

இந்த மூன்றின் பிடிவாதம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிய எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. பூங்காவில் நடந்துகொண்டிருந்தோம். நான் ஏதோ ஒரு செய்தியை, 'என் கண்ணாற் கண்டதுபோலச் சொல்கிறேன்' என்று தொடங்கினேன். அவர் நின்றுவிட்டார்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ, மாஸ்டர்."

பிறகு சொன்னார். இருபத்து மூன்று வயதில் புகலிடம் கேட்டு இந்நாட்டுக்கு வந்தவர் அவர். விசாரணையில் தமையனைப் படையினர் கொண்டுபோனதைப் பற்றிக் கேட்டார்கள். வாசலில் வைத்து, தம் கண்முன்னே கொண்டுபோனார்கள் என்று சொல்லியிருக்கிறார். தமையனின் சட்டையின் நிறத்தையும், ஒரு காலில் செருப்பில்லாமல் இழுபட்டதையும் விரித்துரைத்திருக்கிறார். அவ்வளவும் உண்மை. கண்டவர் தாய். அன்று காலை இவர் மூன்று தெரு தள்ளிச் சிறிய தாயார் வீட்டில் இருந்தார். வேறொரு கேள்விக்கு விடையாக அதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள்.

"அம்மா கண்டா நான் கண்ட மாதிரித்தானே எண்டு நினைச்சன். எங்கட வீடுகளில ஒராள் கண்டா எல்லாரும் கண்டதுதானே. பொய்யெண்டு நான் நினைக்கவேயில்லை. அவையின்ர கடிதத்தில, 'இவர் கூறுவன யாவும் புனையப்பட்டவை போலத் தோன்றுகின்றன' எண்டு ஒரு வரி. அந்த ஒரு வரியைத் துடைக்க மூண்டு வருசம் போச்சு. அதுக்குள்ள அம்மாவும் போயிட்டா."

வாத்துகள் இருந்த குளத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினோம்.

அவருடைய அறிக்கைகளுக்குள் நான் நுழைந்த கதை இனி. அவர் கண்ணுக்கு ஈடாக அவர் ஆங்கிலம் இருக்கவில்லை. பிழையற எழுதவேண்டும் என்ற கவலை மட்டும் மிகுதி. ஓய்வுபெற்ற தமிழாசிரியனான எனக்கு ஆங்கிலமும் ஓரளவு கைவரும். வியாழன்தோறும் காலை பதினொரு மணிக்கு அவர் தம் அறிக்கைகளை அச்சிட்டு வைப்பார். நான் சிவப்பு மையால் திருத்துவேன். அவர் அதைப் பார்த்துக் கணினியில் மாற்றி அனுப்புவார். வெளியார் எவருக்கும் காட்டலாகாது என்பது நிறுவனத்தின் உடன்படிக்கை. "உங்களை வெளியாள் எண்டு சொல்லேலுமோ?" என்பார். திருத்தும் வேலை எனக்கு இனித்தது. தேவையற்ற சொல்லை நீக்குவதில் எனக்கு இளமை முதலே ஓர் இன்பம் உண்டு. அவருடைய அறிக்கைகளோ நீக்க ஒன்றுமில்லாதபடி வற்றியவை. 'இடப்பக்கம் தாங்கும்போது இடுப்பைத் தாழ்த்துவதில்லை. பந்து பிறருக்குச் செல்லும்போதும் ஓட்டத்தைக் குறைப்பதில்லை.' இப்படித்தான் இருக்கும். ஒரு நல்ல உரையாசிரியரின் நடை அது என்று நான் அவரிடம் சொன்னதுண்டு.

ஓர் ஆண்டு மாசி மாதத்தில் அவர் திரைக்கு எண்பத்தாறு வந்தான். ஆட்டக்காரரைப் பெயரால் குறிப்பது அவர் வழக்கமன்று; முதுகில் உள்ள எண்ணே பெயர். எண்பத்தாறு ஒரு சிறு கல்லூரியைச் சேர்ந்தவன். தந்தை இல்லை. தாய் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவர். ஒரு நேர்காணலில் அவன் தன் தாயின் கைகளைப் பற்றிப் பேசியிருந்தான். கொதிநீர் பட்டுச் சிவந்த கைகள். இவர் அதைப் பார்த்திருக்கக் கூடாது. ஆட்டத்துக்குப் புறம்பானவற்றைப் பார்ப்பதில்லை என்பது அவர் கொள்கை. ஆயினும் பார்த்துவிட்டார்.

"மூட்டை தூக்கிறதில உவனை மாதிரி ஆளை நான் காணேல்லை, மாஸ்டர். ஒருத்தரும் பாக்காத இடத்தில விழுந்து எழும்புறான்" என்றார். புகழ்ச்சிக்கு எத்தனை கோடு என்று கேட்டேன். "கோடு போட்டுக் களைச்சுப் போனன்" என்றார்.

ஒரு வியாழன் எண்பத்தாறின் அறிக்கை என் கைக்கு வந்தது. இரண்டு பக்கம். கடைசிப் பத்தியில் அவர் நடைக்கே ஒவ்வாத ஒரு வாக்கியம் கிடந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'தலையில் அடிபட்ட பின் சிறிது நேரம் இவருக்கு ஏதோ சரியில்லை போலத் தோன்றுகிறது, மருத்துவர் ஒருவர் பார்ப்பது நல்லது.'

"இதென்ன வசனம்?" என்றேன்.

அவர் திரையில் இரண்டு காட்சிகளைக் காட்டினார். ஒவ்வொரு முறையும் பந்து நகருமுன் அணைமுனையர் குனிந்து ஒரு கையை நிலத்தில் ஊன்றவேண்டும். வரிசையின் வலப்பக்கம் நின்றால் எண்பத்தாறு எப்போதும் வலக்கையையே ஊன்றுவான். ஆயிரம் தடவை பயின்று உடம்பில் ஊறிய பழக்கம். ஐப்பசியில் ஓர் ஆட்டத்தில் தலையோடு தலை மோதி எழுந்தபின், அதே பக்கத்தில் இடக்கையை ஊன்றினான். அடுத்த முறை மீண்டும் வலக்கை. கார்த்திகையில் வேறோர் ஆட்டத்தில், மோதி எழுந்தபின் மறுபடியும் இடக்கை. அந்த ஆட்டத்தில் அவன் பந்தையும் பிடித்தான். அரங்கமே எழுந்து நின்றது. கையை யாரும் பார்க்கவில்லை.

"எத்தனை தரம் கண்டனீர்?"

"ரெண்டு."

"உம்முடைய கணக்கு மூண்டெல்லோ?"

"ஓம். உள்ள படம் முழுக்கத் தேடிப் பாத்திட்டன். மூண்டாவது இல்லை." சற்று நேரம் கரிக்கோலை உருட்டிக்கொண்டிருந்தார். "காலைப் பிந்தி வைச்சது, கையை இறக்கிப் பிடிச்சது எண்டா மூண்டு வருமட்டும் பாத்துக்கொண்டிருக்கலாம். உது தலையெல்லோ, மாஸ்டர்."

அவர் தம் நெறியைத் தாமே மீறியது என் அறிவில் அந்த ஒருமுறைதான். அதைக் கேட்டு நான் எச்சரிக்கை அடைந்திருக்கவேண்டும். எனக்கோ அந்த வாக்கியத்தின் தளர்ச்சி மட்டுமே கண்ணில் பட்டது.

"'ஏதோ' எண்டா என்ன?" என்றேன்.

"தெரியேல்லை."

"'போலத் தோன்றுகிறது' எண்டது கண்டதோ, நினைச்சதோ?"

"நினைச்சது."

"டொக்டர் பாக்கவேணும் எண்டு சொல்ல நீர் டொக்டரோ?"

"இல்லை."

"உந்த ஒரு வரியால அந்தப் பிள்ளையை ஒருத்தரும் எடுக்காமல் விட்டா? அந்தத் தாய்?"

நான் கேட்டவற்றுள் அந்தக் கடைசிக் கேள்வியே அவரைச் சாய்த்தது. என்னுடைய இரக்கம் பொய்யன்று. ஆனால் அதை முதலிற் கேட்காமல் கடைசியிற் கேட்டேன் என்பதை இன்று நான் மறைக்க விரும்பவில்லை.

"என்னைப் பற்றியும் ஒருத்தர் 'போல'வில தானே எழுதினவர்" என்றார். "நீங்கள் சொல்லுறது சரி. வெட்டுங்கோ."

நான் அளவுகோல் வைத்து நேராகக் கோடிட்டேன். அவர் கணினிக்குத் திரும்பி அவ்வரியை அழித்தார். அன்று அந்த அறிக்கை மிகச் செம்மையாக இருந்தது. அதை எண்ணி மகிழ்ந்தபடிதான் வீட்டுக்கு வந்து மதிய உணவு உண்டேன்.

சித்திரை இறுதியில், ஒரு சனிக்கிழமை மாலை, ஐந்தாம் சுற்றில் எண்பத்தாறைத் தெரிவு செய்தார்கள். ஒரு சிறிய வீட்டின் வரவேற்பறையில் அவன் தன் தாயை அப்படியே தூக்கிக்கொண்டு அழுதான். அன்று மட்டும் அவர் திரையின் ஒலியைத் திறந்துவைத்தார். அவருடைய மனைவி எங்களுக்குக் கேசரி கிண்டினார்.

ஆவணியில் பயிற்சிக் களத்தில் விபத்து. சாதாரண மோதல்தானாம். எழுந்து நின்றவன் வரிசைக்குத் திரும்பி நடந்திருக்கிறான். குனிந்து கையை ஊன்றியிருக்கிறான். ஊன்றியபடியே சரிந்திருக்கிறான். மண்டைக்குள் குருதிப் பெருக்கு. உயிர் பிழைத்தான் என்று செய்தி வந்தது. பிழைத்தது எவ்வளவு என்பதை அவன் தமக்கை வெளியிட்ட காணொளிகள் காட்டின. மூன்று மாதத்தில் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டான். தாய் சோறூட்டினால், தன்னைப் பராமரிக்க வந்த தாதியென்று எண்ணி மிக மரியாதையாக நன்றி சொன்னான்.

விபத்துச் செய்தி வந்த நாள் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. குறிப்பேடு கையில் இருந்தது. எண்பத்தாறின் பக்கத்தைத் திறந்து காட்டினார். இரண்டு கோடுகளுக்குப் பக்கத்தில் மூன்றாவது கோடு புதிதாக இருந்தது.

"ஓகஸ்ட்டில வந்திட்டுது, மாஸ்டர்" என்றார்.

என்னைக் குறைகூறும் ஒரு சொல்லோ பார்வையோ அன்றும் இல்லை, பின்பும் இல்லை. அது எனக்கு உதவியாக இருக்கவில்லை. வியாழக்கிழமைகளில் நான் போவதை நிறுத்தினேன். அவரும் அழைக்கவில்லை. முன்னறைத் திரைச்சீலை நாள்முழுதும் மூடியே கிடந்தது. அவருடைய மனைவியை ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் கண்டேன். "கதைக்கிறேல்லை, மாஸ்டர். சாப்பாடு வைச்சா நல்லாயிருக்கு எண்டு உடனே சொல்லுறார். எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார்.

மறு ஆண்டு அவர்கள் அந்த வீட்டை விட்டு லெஸ்டருக்குக் குடிபெயர்ந்தார்கள். நிறுவனம் அவரைப் பணியிலிருந்து நீக்கியிருந்தது. அங்கே ஒரு பண்டகசாலையில் வேலை என்று கேள்வி. முகவரி தந்துதான் போனார். நான் எழுதவில்லை.

அவர் பணி நீக்கப்பட்டதற்குக் காரணமான பிற்பகல் ஒன்று உண்டு. இளைஞனின் தாய் அணியின்மீது வழக்குத் தொடுத்திருந்தார். மகனின் தலை முன்பே பழுதுபட்டிருந்தது, அதைக் கண்டறிந்திருக்கலாம், கண்டறியாமல் ஆடவிட்டார்கள் என்பது வழக்கு. கல்லூரி ஆட்டங்களிலேயே அது தெரிந்தது என்று யாரேனும் சொன்னால் வழக்கு நிற்கும், இல்லாவிடில் விழும். அவருடைய நிறுவனத்தின் அறிக்கைகளைத் தாயின் வழக்கறிஞர் கேட்டுப் பெற்றார். நிறுவனத்தின் கணினியில் திருத்துமுன் இருந்த வரைவும் எஞ்சியிருந்தது. அதில் அந்த வாக்கியம் இருந்தது. அணிக்குச் சென்ற படியில் இல்லை. அவரைத் திரைவழியாக உறுதிமொழியின்பேரில் விசாரிக்க நாள் குறித்தார்கள்.

"இங்கிலிஷ் விளங்காட்டி ஒருக்காச் சொல்லித்தாங்கோ" என்று மாதங்களுக்குப் பிறகு என்னை அழைத்தார். போனேன். அந்த வரியை நீக்கியவன் நானே என்று சொல்லிவிடவேண்டும் என்ற முடிவோடுதான் போனேன். வெள்ளைச் சட்டை அணிந்து கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். நான் மேசைக்கு அப்பால், திரையின் பின்புறம், அவருக்கு எதிரே அமர்ந்தேன். தாயின் வழக்கறிஞரான அம்மையாரின் குரல் எனக்குக் கேட்டது, முகம் தெரியவில்லை.

உறுதிமொழி முடிந்ததும் அம்மையார் கேட்ட முதற் கேள்வி, அறையில் வேறு யாரேனும் இருக்கிறார்களா என்பது.

நான் எழ முனைந்தேன். அவர் திரைக்கு மேலாக என்னை நேராகப் பார்த்தார். மேசையின் ஓரத்தில், படக்கருவிக்கு எட்டாதபடி, அவருடைய உள்ளங்கை, இருங்கோ என்பதுபோல் மெல்லத் தாழ்ந்தது.

"இல்லை" என்றார்.

பின்பு கண்டதையெல்லாம் சொன்னார். ஐப்பசி ஆட்டம், கார்த்திகை ஆட்டம், எந்தப் பக்கம், எந்தக் கை. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியானால் அது திரையில் தெரிந்ததா என்று அம்மையார் கேட்டார். தெரிந்தது, இரண்டு முறை கண்டேன் என்றார். மறுமுனையில் யாரோ மூச்செறியும் ஒலி கேட்டது. தாயாக இருக்கலாம், அறியேன்.

அந்த வாக்கியத்தை அழித்தவர் யார் என்று கேட்டார்கள்.

"நான்."

அது உண்மை. விசையை அழுத்தியது அவர் விரல்.

வேறு யாரேனும் அந்த அறிக்கையைப் படித்தார்களா, வேறு எவருடைய சொல்லையேனும் கேட்டு அழித்தாரா என்று கேட்டார்கள். அந்தப் பிற்பகல்வரை, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காணாததைக் கண்டதாகவோ, கண்டதைக் காணாததாகவோ ஒரு சொல்லும் சொல்லாத மனிதர் அவர். சற்றே தாமதித்தார். அந்தத் தாமதத்துக்குள் நான் பேசியிருக்கலாம். கையெட்டும் தூரத்தில் திரை. என் பெயர் வந்தால் அவர் சாட்சியம் பழுதாகும், அந்தத் தாயின் வழக்கு நலியும் என்று ஒரு நியாயம் என் மனத்தில் விரைந்து உருவாயிற்று. நியாயங்களை உருவாக்குவதில் நான் வல்லவன்.

"ஒருவரும் இல்லை" என்றார் அவர்.

அவ்வளவுதான். தவற்றைத் தாமே செய்து தாமே மறைத்த ஊழியர் என்று அவரைக் கைவிட நிறுவனத்துக்கு அது போதுமாயிற்று.

அம்மையார் நன்றி சொல்லி மறைந்தார். அவர் கணினியை மூடிவிட்டுக் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். சொல்லவேண்டிய சொற்கள் அப்போதும் என் வாயில் இருந்தன.

"அண்டைக்கு நான்தானே..." என்று தொடங்கினேன்.

"அண்டைக்கு நீங்கள் இஞ்ச வரேல்லை, மாஸ்டர்" என்றார். குரலில் சினமில்லை. "நான் காணேல்லை."

நான் எழுந்து, கதவைச் சத்தமின்றிச் சாத்திக்கொண்டு என் வீட்டுக்குப் போனேன்.